டிராப்டவுனைப் படிப்பது எப்படி? தானியங்கிச் சோதனைக்குப் புதியவர்களுக்கு ஓர் அறிமுகம்

இணையப் படிவம் ஒன்றில் 'மாநிலம்' என்ற கட்டத்தைச் சொடுக்கினால் பட்டியல் விரிகிறது; இதுதான் டிராப்டவுன். தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்ததும் பட்டியல் மூடிக்கொள்கிறது. கட்டத்தில் 'தமிழ்நாடு' என்று நிற்கிறது. கண்ணால் பார்ப்பவருக்கு இதில் குழப்பம் ஏதுமில்லை. இதே வேலையை, உலாவியைத் தானாக இயக்கும் கருவிகளான செலினியத்திடமோ பிளேரைட்டிடமோ ஒப்படைத்து, இந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கேட்கும் விதத்தைப் பொறுத்து 'தமிழ்நாடு' என்று பதில் வரலாம். '33' என்று வரலாம். மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகள் என 36 பெயர்களும் வரிவரியாக ஒட்டிக்கொண்ட நீண்ட சரம் (எழுத்துத் தொடர்) வரலாம். சில வேளை வெற்றுச் சரம் வந்து நம்மை விழிக்க வைக்கலாம். நான்கு பதில்களிலும் கருவியின் தவறு எதுவும் இல்லை. நாம் கேட்ட கேள்விகள்தான் வேறு வேறு.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். படிப்பது எப்படி என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. தேர்ந்தெடுக்க மட்டும் தெரிந்த ஸ்கிரிப்ட் படிவத்தை நிரப்பும், அவ்வளவுதான். திரையில் வந்திருப்பதைப் படித்து, வந்திருக்க வேண்டியதோடு ஒப்பிடும்போதுதான் அது சோதனை ஆகிறது.

ஒரு வரிக்குள் மூன்று தகவல்கள்

எச்டிஎம்எல் மொழியில் டிராப்டவுனுக்கென்றே 'செலக்ட்' என்ற டேக் உண்டு. அதற்குள் ஒவ்வொரு வரிக்கும் ஓர் 'ஆப்ஷன்' டேக். ஓர் ஆப்ஷனுக்குள் நாம் படிக்கக்கூடியவை மூன்று: திரையில் தெரியும் எழுத்து, படிவத்தை அனுப்பும்போது சர்வருக்குப் போகும் 'வேல்யூ', இப்போது இந்த வரி தேர்வாகியிருக்கிறதா என்ற நிலை.

ஜிஎஸ்டி எண்ணை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பவை. கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. வரி சார்ந்த மென்பொருள் ஒன்றில் மாநிலப் பட்டியல் அமைக்கும் நிரலாளர், திரையில் 'தமிழ்நாடு' என்று காட்டிவிட்டு வேல்யூவில் 33 என்று வைப்பது இயல்பு. அவர் கைதவறி 34 என்று வைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயனர் திரையில் தமிழ்நாடு என்றே பார்ப்பார். சர்வரில் புதுச்சேரி என்று பதிவாகும். தெரியும் எழுத்தை மட்டும் ஒப்பிடும் சோதனை இதைக் கண்டுகொள்ளாமல் பச்சை விளக்கு காட்டும். மறுபக்கம், வேல்யூவை மட்டும் ஒப்பிடும் சோதனைக்குத் திரையில் 'தமிழ்நடு' என்று எழுத்துப்பிழை இருப்பது தெரியவே தெரியாது. இரண்டையும் சோடியாகப் படித்து ஒப்பிடுவதே என் பரிந்துரை. இரட்டிப்பு வேலை என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். உண்மையில் ஒரே சுழற்சிக்குள் ஒரு வரி கூடும், அவ்வளவே.

வேல்யூ என்று தனியாக எதுவும் எழுதப்படாத ஆப்ஷன்களும் உண்டு. அப்போது உள்ளே இருக்கும் எழுத்தையே, முன்பின் இடைவெளிகளை நீக்கிவிட்டு, உலாவி வேல்யூவாக எடுத்துக்கொள்ளும். ஆகவே மூல நிரலில் வேல்யூ இல்லையே என்று திகைக்க வேண்டாம். கேட்டால் பதில் கிடைக்கும்.

மூன்றாவது தகவலான தேர்வு நிலையில் ஒரு பொறி இருக்கிறது. எச்டிஎம்எல் மூலத்தில் ஓர் ஆப்ஷனுக்கு 'செலக்டெட்' என்ற அட்ரிபியூட் (டேக்கிலேயே எழுதிவைத்த பண்பு) இருந்தால், பக்கம் திறக்கும்போது அந்த வரி தேர்வாகியிருக்கும். அதன் பிறகு பயனர் வேறு வரியைத் தேர்ந்தெடுத்தாலும் மூலத்தில் இருக்கும் அந்த அட்ரிபியூட் அங்கேயே இருக்கும். நடப்பு நிலையை உலாவி தன் நினைவகத்தில் பிராப்பர்ட்டியாகத் தனியே வைத்துக்கொள்கிறது. டெவலப்பர் டூல்ஸில் எச்டிஎம்எல்லைப் பார்த்துவிட்டு, "கேரளத்தில்தானே செலக்டெட் இருக்கிறது, சோதனை ஏன் தமிழ்நாடு என்கிறது?" என்று குழம்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். செலினியத்தின் பழைய 'கெட்அட்ரிபியூட்' மெத்தட் (அழைத்தால் பதில் தரும் கட்டளை) இரண்டையும் கலந்து பதில் சொல்லும். அந்தக் குழப்பத்துக்காகவே 2021 இல் வந்த செலினியம் 4 பதிப்பில் அட்ரிபியூட்டுக்கு ஒன்று, பிராப்பர்ட்டிக்கு ஒன்று என இரு தனி மெத்தட்கள் சேர்க்கப்பட்டன. தேர்வு நிலைக்கு மட்டும் என்றால் 'இஸ்செலக்டெட்' என்று நேராகக் கேட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று. ஒற்றைத் தேர்வுப் பட்டியலில் எந்த வரிக்கும் செலக்டெட் என்று குறிக்கவில்லை என்றால், முடக்கப்படாத முதல் ஆப்ஷனை உலாவி தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். பல படிவங்களில் முதல் வரியாக '-- தேர்ந்தெடுக்கவும் --' என்று இருப்பது இதற்காகத்தான். ஆனால் சோதனையின் கணக்கில் அதுவும் ஓர் ஆப்ஷன். 36 எதிர்பார்த்த இடத்தில் 37 வந்து நிற்பதற்குப் பெரும்பாலும் அந்த வரியே காரணம்.

செலினியத்தின் செலக்ட் கிளாஸ்

செலினியம் 2004 இல் சிகாகோவில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேசன் ஹக்கின்ஸ் உருவாக்கியது. அது உலாவியோடு பேசும் முறையான வெப்டிரைவர் நெறிமுறை 2018 இல், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரநிலை ஆனது. அந்த நெறிமுறையில் எலிமென்டை (பக்கத்தின் ஓர் உறுப்பை)க் கண்டுபிடி, சொடுக்கு, எழுத்தைக் கொடு, பிராப்பர்ட்டியைக் கொடு என்பவை போன்ற அடிப்படைக் கட்டளைகள்தான் இருக்கின்றன. டிராப்டவுனுக்கென்று கட்டளை எதுவும் கிடையாது. நாம் பயன்படுத்தும் 'செலக்ட்' கிளாஸ், இந்த அடிப்படைக் கட்டளைகளை அடுக்கி மேலே கட்டிய ஓர் உதவி நூலகம் மட்டுமே. செலக்ட் டேக் அல்லாத எதையாவது அதனிடம் கொடுத்தால் 'அன்எக்ஸ்பெக்டெட் டேக்நேம்' என்ற பிழையை எறிந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்தப் பிழை வந்தால் உங்கள் லொக்கேட்டரை, அதாவது எலிமென்டைத் தேடிப் பிடிக்கும் குறிப்பை, குறைகூறும் முன் அந்த எலிமென்ட் உண்மையில் என்ன டேக் என்று பாருங்கள்.

படிப்பதற்கு அந்தக் கிளாஸ் தருபவை மூன்று. ஜாவாவில் 'கெட்ஆப்ஷன்ஸ்' எல்லா வரிகளையும் தரும். 'கெட்ஃபர்ஸ்ட்செலக்டெட்ஆப்ஷன்' தேர்வாகியிருப்பதைத் தரும். 'கெட்ஆல்செலக்டெட்ஆப்ஷன்ஸ்' ஒன்றுக்கு மேற்பட்டவற்றைத் தேர்ந்தெடுக்க அனுமதிக்கும் பட்டியலுக்கானது. பைத்தானில் இவையே மெத்தட்களாக இல்லாமல் பிராப்பர்ட்டிகளாக இருப்பதால் அடைப்புக்குறி போடத் தேவையில்லை. மூன்றும் திருப்பித் தருவது எலிமென்ட்களை; எழுத்துச் சரங்களை அல்ல. ஒவ்வொன்றிடமும் எழுத்து வேண்டுமா, வேல்யூ வேண்டுமா என்று தனியே கேட்டுப் பெற வேண்டும். இரண்டாவது மெத்தடின் பெயரில் உள்ள 'முதல்' என்பது பட்டியல் வரிசையில் முதலாவது. பலவற்றைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் பயனர் மதுரையை முதலிலும் அரியலூரைப் பிறகும் சொடுக்கியிருந்தால், அரியலூர்தான் வரும். எதுவுமே தேர்வாகாத நிலையில் அது வெற்றுச் சரம் தராது, பிழை எறியும். எதுவும் தேர்வாகவில்லை என்று உறுதிசெய்ய விரும்பினால் மூன்றாவது மெத்தடை அழைத்து, வரும் பட்டியல் காலியா என்று பாருங்கள்.

செலக்ட் எலிமென்டிடமே நேரடியாக எழுத்தைக் கேட்பது புதியவர்களிடம் அடிக்கடி காண்பது. தொடக்கத்தில் சொன்ன அந்த நீண்ட சரம் அப்படித்தான் வருகிறது. தேர்வான வரி மட்டும் வராது, எல்லா ஆப்ஷன்களும் வரும். அதில் 'தமிழ்நாடு' என்ற சொல் அடங்கியிருக்கிறதா என்று ஒருவர் சரிபார்த்தால் அந்தச் சோதனை ஒருநாளும் தோற்காது. கேரளம் தேர்வாகியிருந்தாலும் தோற்காது.

செலக்ட் டேக்கைப் படிக்க அதைச் சொடுக்கித் திறக்க வேண்டியதில்லை. மூடியிருக்கும்போதும் ஆப்ஷன்கள் எல்லாம் பக்கத்தின் டாம் கட்டமைப்பில், அதாவது பக்கத்தைப் பற்றி உலாவி நினைவில் வைத்திருக்கும் உறுப்புகளின் மரத்தில், அப்படியே இருக்கின்றன. விரிந்து தெரியும் அந்தப் பெட்டியை வரைவது பக்கம் அல்ல, உலாவி.

வெற்றுச் சரம் ஏன் வருகிறது? செலினியத்தின் 'கெட்டெக்ஸ்ட்' மெத்தட் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை மட்டுமே தரும். சில பக்கங்களில் அழகுக்காகச் 'சோசன்' போன்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களைச் சேர்த்திருப்பார்கள். அவை உண்மையான செலக்ட் டேக்கை மறைத்துவிட்டு, அதன் இடத்தில் 'டிவ்' என்ற பொதுப் பெட்டி டேக்குகளால் ஆன வேறொரு பெட்டியைக் காட்டும். மறைக்கப்பட்ட செலக்டின் உள்ளே 36 ஆப்ஷன்களும் இருக்கும். எண்ணிக்கை சரியாக வரும். எழுத்து மட்டும் எல்லாம் காலியாக வரும். அப்போது 'டெக்ஸ்ட்கன்டென்ட்' என்ற பிராப்பர்ட்டியைக் கேட்டால் எழுத்து கிடைக்கும். அது மறைந்திருப்பதைப் பற்றிக் கவலைப்படாது. ஆனால் மறைந்திருக்கும் செலக்டைப் படித்துவிட்டு, பயனர் பார்ப்பதைப் படித்ததாக நினைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்பதே அங்கே ஒரு தனிச் சோதனைக்கு உரியது.

பிளேரைட்டில் இந்த வேலைகள் சற்று எளிது. 2020 இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அந்தக் கருவியில் 'இன்புட்வேல்யூ' என்ற மெத்தட் செலக்டின் நடப்பு வேல்யூவை நேராகத் தரும். 'டுஹேவ்வேல்யூ' என்ற சரிபார்ப்புக் கட்டளை, எதிர்பார்த்த மதிப்பு வரும்வரை குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்பத் திரும்பப் பார்க்கும். இந்தப் பொறுமை எவ்வளவு பெரிய உதவி என்பது அடுத்த பகுதியில் புரியும்.

மாநிலம் மாறினால் மாவட்டம் மாற வேண்டும்

டிராப்டவுன் சோதனைகளில் நிலையில்லாமல் ஒருநாள் வென்று ஒருநாள் தோற்பவை, ஒன்றைச் சார்ந்து ஒன்று நிரம்பும் பட்டியல்கள்தாம். மாநிலத்தைத் தேர்ந்தெடுத்ததும் சர்வரிடம் கேட்டு மாவட்டங்களை நிரப்பும் படிவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து அடுத்த மில்லிநொடியிலேயே மாவட்டங்களைப் படிக்கும். பதில் இன்னும் வந்திருக்காது. '-- தேர்ந்தெடுக்கவும் --' என்ற ஒரே வரி கிடைக்கும். உடனே பலரும் செய்வது ஐந்து நொடி உறங்கச் சொல்வது. வேகமான நாளில் அது நான்கரை நொடி வீண். மெதுவான நாளில் அதுவும் போதாது.

நிபந்தனை வைத்துக் காத்திருப்பதே முறை. எந்த நிபந்தனை என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. 'ஒன்றுக்கு மேற்பட்ட ஆப்ஷன்கள் வரும்வரை காத்திரு' என்பது முதல் தடவைக்குச் சரியாக வேலை செய்யும். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்கள் வந்துவிட்டன. இப்போது ஸ்கிரிப்ட் மாநிலத்தைக் கேரளம் என்று மாற்றுகிறது. பழைய 38 மாவட்டங்களும் இன்னும் திரையில் இருப்பதால் நிபந்தனை அக்கணமே நிறைவேறிவிடும். கேரளத்தின் மாவட்டங்கள் என்று அரியலூரில் தொடங்கும் பட்டியலைப் படித்துக்கொண்டு ஸ்கிரிப்ட் திரும்பும். '14 ஆப்ஷன்கள் வரும்வரை' என்று எண்ணிக்கையை வைக்கலாம். அந்த முதல் வரியைச் சேர்த்து 15 என்று வைக்க வேண்டியிருக்கலாம். அதைவிட உறுதியானது, புதிய பட்டியலில் மட்டுமே இருக்கக்கூடிய ஒரு பெயர், எடுத்துக்காட்டாக 'வயநாடு', தோன்றும்வரை காத்திருப்பது. அல்லது மாற்றுவதற்கு முன்பே பழைய ஆப்ஷன் ஒன்றைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு, அது காலாவதியாகும்வரை காத்திருக்கலாம். செலினியத்தில் இதற்கு 'ஸ்டேல்னெஸ்ஆஃப்' என்ற ஆயத்த நிபந்தனையே இருக்கிறது.

காலாவதி என்றதும் ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். ஆப்ஷன்களைப் பட்டியலாக எடுத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கும்போது பக்கம் அந்தப் பட்டியலை மறுபடி வரைந்துவிட்டால், கையில் இருக்கும் எலிமென்ட்கள் செல்லாதவை ஆகிவிடும். 'ஸ்டேல் எலிமென்ட்' என்ற பிழை வரும். படிக்க எடுக்கும் நேரம் நீள நீள இதற்கு வாய்ப்பும் கூடும். வெப்டிரைவரில் ஒவ்வோர் ஆப்ஷனின் எழுத்தையும் கேட்பது தனித்தனி எச்டிடிபி கோரிக்கை. ஐஎஸ்ஓ 3166 தரநிலையில் 249 நாட்டுக் குறியீடுகள் உள்ளன. அத்தனையும் உள்ள நாட்டுப் பட்டியலில் எழுத்தையும் வேல்யூவையும் படித்தால் ஏறத்தாழ 500 கோரிக்கைகள் போய்வரும். நீண்ட பட்டியல் என்றால், எல்லா ஆப்ஷன்களின் எழுத்தையும் வேல்யூவையும் ஒரே மூச்சில் சேகரித்துத் தரும் சிறு ஜாவாஸ்கிரிப்ட் துணுக்கை உலாவிக்குள்ளேயே ஓடவிட்டு, விடையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். போக்குவரத்து ஒன்றோடு முடியும். நடுவில் பட்டியல் மாறிப்போகவும் இடமிருக்காது.

செலக்ட் வேடமிட்ட டிவ்கள்

இன்றைய தளங்களில் பாதிக்கு மேல் இப்படித்தானோ என்று எனக்கு ஐயம் உண்டு. பார்க்க டிராப்டவுன், உள்ளே செலக்ட் டேக்கின் சுவடே இருக்காது. இணையப் பக்கங்கள் கட்ட உதவும் ரியாக்ட், ஆங்குலர் நூலகங்கள் டிவ்களாலும் ஸ்பேன்களாலும் கட்டும் பெட்டிகள் இவை. இவற்றிடம் செலக்ட் கிளாஸ் செல்லாது.

முதல் வேறுபாடு, பெட்டி மூடியிருக்கும்போது வரிகள் பெரும்பாலும் டாமிலேயே இருக்காது. திறந்த பிறகுதான் உருவாக்கப்படும். ஆகவே சொடுக்கு, வரிகள் தோன்றும்வரை காத்திரு, படி, எஸ்கேப் விசையை அழுத்தி மூடு என்ற ஒழுங்கில் போக வேண்டும். மூட மறந்தால் அடுத்த சொடுக்கு இந்தப் பட்டியலின் மேல் விழும். இரண்டாவது, வரிகள் படிவத்துக்குள் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆங்குலர் மெட்டீரியலின் பல பதிப்புகள் தம் பட்டியலைப் பக்கத்தின் கடைசியில் உள்ள தனி மேலடுக்கில் வைக்கும். படிவத்துக்குள் தேடும் லொக்கேட்டர் அங்கே எட்டாது.

பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருக்கிறது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களுக்காக வகுக்கப்பட்ட 'ஏரியா' (ARIA) விதிகளின்படி, ஒழுங்காக எழுதப்பட்ட பெட்டிக்குக் 'காம்போபாக்ஸ்', பட்டியலுக்கு 'லிஸ்ட்பாக்ஸ்', வரிக்கு 'ஆப்ஷன்' என்ற ரோல் (அதன் பணியைச் சொல்லும் பெயர்) இருக்கும். திறந்திருக்கிறதா என்பதை 'ஏரியா-எக்ஸ்பாண்டெட்' சொல்லும். எந்த வரி தேர்வாகியிருக்கிறது என்பதை 'ஏரியா-செலக்டெட்' சொல்லும். இவற்றை வைத்து எழுதிய லொக்கேட்டர், நிறத்துக்காக வைத்த சிஎஸ்எஸ் கிளாஸ் பெயர்களை நம்பி எழுதியதைவிட நீண்ட நாள் உழைக்கும். இந்த ரோல்கள் எதுவுமே இல்லாத பெட்டி என்றால், சோதனைக்கு வழி தேடும் முன் அதையே ஒரு குறையாகப் பதிவு செய்யுங்கள். உங்கள் ஸ்கிரிப்டுக்குத் தெரியாத அந்தப் பட்டியல் திரைவாசிப்பானுக்கும் தெரியாது.

வேல்யூ விஷயத்திலும் ஏமாற்றம் காத்திருக்கிறது. இத்தகைய பெட்டிகளில் 33 என்ற எண் டாமில் எங்குமே இல்லாமல், நிரலின் நினைவகத்தில் மட்டும் இருக்கலாம். அப்போது படிவத்தை அனுப்பும்போது போகும் கோரிக்கையைப் பிடித்துப் பார்ப்பதே வேல்யூவைச் சரிபார்க்கும் வழி.

மிக நீண்ட பட்டியல்களில் இன்னொரு தந்திரம் நடக்கும். கண்ணுக்குத் தெரியும் பத்துப் பதினைந்து வரிகளை மட்டும் டாமில் வைத்துக்கொண்டு, உருட்ட உருட்டப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்ப்பார்கள். எண்ணிப் பார்த்தால் 249 நாடுகளுக்குப் பதிலாக ஒரு கைப்பிடி வரிகளே கிடைக்கும். சிறிது சிறிதாக உருட்டி, படித்தவற்றைச் சேர்த்துக்கொண்டே, புதிதாக எதுவும் வராதபோது நிறுத்த வேண்டும்.

இத்தகைய பெட்டியை ஆராய்வதே ஒரு பாடு. டெவலப்பர் டூல்ஸில் கை வைத்த உடன் பட்டியல் மூடிக்கொள்ளும். குரோமின் ரெண்டரிங் பலகையில் 'எமுலேட் எ ஃபோகஸ்டு பேஜ்' என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதை இயக்கினால் பக்கம் தன் மேல்தான் கவனம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு பட்டியலைத் திறந்தே வைத்திருக்கும்.

தமிழில் உள்ள பட்டியலை ஒப்பிடும்போது

படித்தாகிவிட்டது, எதிர்பார்ப்போடு ஒப்பிட வேண்டும். ஆங்கிலப் பட்டியலில் வராத இரண்டு சிக்கல்கள் தமிழ்ப் பட்டியலில் வரும்.

'ஈரோடு' என்ற பெயரில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு சரங்கள். 'எதிர்பார்த்தது ஈரோடு, கிடைத்தது ஈரோடு' என்று பிழைச்செய்தி காட்டிச் சோதனை தோற்கும். படிப்பவருக்குத் தலை சுற்றும். கோயம்புத்தூர், புதுக்கோட்டை ஆகியவற்றுக்கும் இதே வாய்ப்பு உண்டு. ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் என்எஃப்சி என்ற சீர்வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. ஜாவாவின் நார்மலைசர் கிளாஸ், பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதி, ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் மெத்தட் ஆகியவை இதற்கானவை.

அடுத்தது அகரவரிசை. 'கரூர், கள்ளக்குறிச்சி, கன்னியாகுமரி' என்பதுதான் தமிழ் வரிசை. மெய்களில் ன கடைசியாக வருவது. நிரல்மொழியின் வழக்கமான வரிசைப்படுத்தலோ யூனிகோட் எண்ணைப் பார்த்து நடக்கும். அங்கே ன என்பது ந-வுக்கு அடுத்தபடியாக, ர, ள ஆகியவற்றுக்கு முன்பே வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அது கன்னியாகுமரியை முதலில் கொண்டுபோய் வைக்கும். படித்த பட்டியலை நகலெடுத்து, வழக்கமான முறையில் வரிசைப்படுத்தி, இரண்டும் ஒன்றா என்று பார்க்கும் சோதனை, சரியான பட்டியலைத் தவறென்றும் தவறான பட்டியலைச் சரியென்றும் சொல்லும். ஜாவாஸ்கிரிப்டில் தமிழுக்கான 'இன்டல் கொலேட்டர்', மற்ற மொழிகளில் பன்மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியு நூலகம் ஆகியவற்றைக் கொண்டு வரிசைப்படுத்துங்கள்.

எதிர்பார்க்கும் பட்டியலை எங்கிருந்து எடுப்பது என்பதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. பக்கம் எந்த ஏபிஐயிலிருந்து (தரவு தரும் சர்வர் இடைமுகத்திலிருந்து) மாவட்டங்களை எடுக்கிறதோ அதே ஏபிஐயிடம் கேட்டு ஒப்பிட்டால், தரவில் உள்ள பிழை இரு பக்கமும் சமமாக இருக்கும். சோதனை எதையும் காணாது. தனிக் கோப்பில் கையால் எழுதி வைப்பதே மேல். கோப்பு பழசாகிவிடுமே என்பார்கள். ஆகட்டும். 2019 இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் சேர்ந்து 32 மாவட்டங்கள் 37 ஆயின. 2020 இல் மயிலாடுதுறையோடு 38 ஆயின. 32 பெயர்களை எழுதி வைத்த சோதனை, புதிய மாவட்டங்கள் படிவத்தில் ஏறிய அன்று தோற்றால் அது பயனுள்ள தோல்வி. ஏறாமலே இருந்தால் கோப்பைப் புதுப்பிக்கும் கை அதைக் கண்டுபிடிக்கும்.

அப்படித் தோற்கும்போது 'இரு பட்டியல்களும் ஒன்றல்ல' என்று மட்டும் பிழைச்செய்தி தர வேண்டாம். எதிர்பார்த்து வராதவை எவை, எதிர்பாராமல் வந்தவை எவை, இருமுறை வந்தவை எவை என்று பெயர்களைப் பிரித்து அச்சிடுங்கள். இரவில் ஓடிய சோதனையின் அறிக்கையைக் காலையில் பார்ப்பவர், உலாவியைத் திறக்காமலேயே 'மயிலாடுதுறை இரண்டு முறை வந்திருக்கிறது' என்று நிரலாளரிடம் போய்ச் சொல்ல அது போதும்.